கடப்புத் திறந்துதான் கிடந்தது

ஆற்றோரக் காணி,
27.12.2025

நஸ்லின்,

உனக்கும் பிள்ளைக்கும் ஸலாம். பால் எடுக்க வரும் ஸஜாதிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். வெள்ளத்தில் விழுந்த போன் இனிச் சரிவராது என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். புதிது வாங்க மனமில்லை.

உன்னோடு சண்டை பிடித்து வீட்டைவிட்டு இறங்கிய அன்று நான் என்னென்ன சொன்னேன் என்று நினைவில் இல்லை. நீ சொன்னது நினைவிருக்கிறது. “மாடுதானே போச்சு, மனிசரா போனாங்க?” என்றாய். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் கனகரெத்தினம் அண்ணனும் போய்விட்டார். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். காலில் கம்பி கீறிய புண்ணோடு மூன்று நாள் வெள்ளத்தில் நின்று செத்த மாடுகளை இழுத்த மனிதர். காரைதீவில் அடக்கம் செய்தார்கள். நான் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். பத்தொன்பது வருடம் நம் மாடுகளைப் பார்த்தவரின் மனைவியிடம் ஒரு வார்த்தை கதைக்க என்னால் முடியவில்லை.

முப்பத்து நான்கில் ஒன்பது மாடுகள் மிச்சம். மற்ற இருபத்தைந்தையும் பெக்கோ வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். இரவில் நித்திரை இல்லாமல், இந்தக் கரண்ட் வேலியை ஏன் போட்டேன் என்று எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். மாடு வேளாண்மைக்குள் இறங்குகிறது என்று, வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை மூன்று முறை ஆள் அனுப்பினார். பிறகு யாரோ நம் சிவலைப் பசுவின் பின்னங்காலைக் கத்தியால் வெட்டினார்கள். அதன் பிறகுதான் சூரிய வெளிச்சத்தில் ஓடும் அந்தப் பெட்டியை வாங்கி, இரண்டு கம்பி இழுத்தேன். யாரையும் கொல்லாத கரண்ட். ஒரு முறை மூக்கில் பட்டால் மாடு பிறகு கிட்டப் போகாது. ஒரு வருடம் ஒரு முறைப்பாடும் வரவில்லை. நல்ல வேலை செய்தேன் என்றே நினைத்தேன்.

வெள்ளத்தன்று காலையிலேயே பெட்டியை நிறுத்திவிட்டார் கனகரெத்தினம் அண்ணன். வேலிக் கடப்பைத் திறந்து, மேட்டுப் பக்கம் நாற்பது மீட்டர் நீளத்துக்குக் கம்பியையும் அவிழ்த்துப் போட்டார். ஆனாலும் மாடுகள் தாண்டவில்லை. கம்பி இருந்த இடம் அவற்றுக்குத் தெரியும். அதில் கரண்ட் இல்லை என்பது தெரியாது. வெள்ளைப் பசுவையும் கன்றையும் கயிறு போட்டு அவர் இழுத்தாராம். அதன் பின்னால் ஏழு வந்தன. மற்றவை மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கழுத்துக்கு வரும்வரை நின்றிருக்கின்றன.

முன்னால் ஒருவர் தவிட்டு வாளியோடு நடந்து, பின்னால் ஒருவர் விரட்டிச் சாய்த்தால்தான் அந்த மாடுகள் கடப்பைத் தாண்டும். குளத்து வான்கதவு திறக்கிறார்கள் என்று தெரிந்தால் உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவர் ஒரு போன் எடுத்திருந்தால் போதும். செத்த மாடுகளை இழுத்த நாட்களில் கேட்க மனம் வரவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவரிடம் அதைக் கேட்டேன். “சிக்னல் இருக்கல்ல தம்பி” என்றார். மேட்டில் ஏறினால் சிக்னல் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? “மேட்டுக்கு ஏறி ஒரு கோல் எடுக்க ஏலாமப் போச்சா உங்களுக்கு? இருபத்தஞ்சு சீவன்” என்று வார்ட்டில் எல்லோரும் பார்க்கச் சத்தம் போட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாள் அவர் இல்லை.

இரண்டு சாரமும் பழைய சுவெட்டரும் ஸஜாதிடம் கொடுத்துவிடு.

ஹாதிக்


பாலமுனை,
31.12.2025

அன்புள்ள மச்சான்,

ஸலாம். சாரம் இரண்டு, சுவெட்டர், உங்கள் பிரஷர் குளிசை எல்லாம் பையில் இருக்கின்றன. குளிசையை இத்தனை நாள் போடாமல் இருந்திருக்கிறீர்கள். அதைக் கூடக் கேட்டு அனுப்பவில்லை.

அன்றைக்கு நான் சொன்ன சொல்லை நானும் மறக்கவில்லை. நீங்கள் மூன்று நாளாகச் சாப்பிடாமல், பிள்ளையின் கலியாணத்தைப் பற்றி ஒன்றுமே கதைக்காமல் இருந்ததைப் பார்த்து வந்த சொல் அது. கனகரெத்தினம் அண்ணன் காய்ச்சலில் விழுவார் என்று அப்போது யாருக்குத் தெரியும்? இன்ஷிரா எட்டு வயதில் காய்ச்சலாகக் கிடந்தபோது ஆட்டுப்பால் தேடி நிந்தவூர்வரை சைக்கிளில் போனவர் அவர். அவருக்காக நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள்.

சாய்ந்தமருதில் இருந்து மாப்பிள்ளையின் தாய் நேற்று போன் எடுத்தார். நிகாஹ் பெப்ரவரி எட்டு, நோன்புக்கு முன். “சம்மந்தி எங்க, கதைக்க ஏலாதா?” என்று கேட்டார். மாடுகளோடு நிற்கிறார் என்றேன். “மாடுகளோடயா?” என்று திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. மருதமுனைச் சம்மந்தம் உங்களால்தான் குழம்பியது என்பதை இப்போது சொல்லிக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் வந்தவர்கள் தேத்தண்ணீரைக் கையில் வைத்திருக்கும்போது, பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று எழும்பிப் போனீர்களே. மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா என்று கேட்டுவிட்டு அவர்கள் போனார்கள். அப்போது பிள்ளைக்கு இருபத்து நான்கு. இப்போது இருபத்தேழு.

நிகாஹுக்குக் கை கொடுக்க வாப்பா இருக்க வேண்டும். வேறு யாரையும் வைக்க நான் விடமாட்டேன். எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் கனகரெத்தினம் அண்ணன் போன் எடுக்காததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செத்த மனிதர்மேல் கோபம் வேண்டாம் மச்சான். விட்டுவிடுங்கள்.

நஸ்லின்


ஆற்றோரக் காணி,
06.01.2026

நஸ்லின்,

குளிசை போடுகிறேன்.

கோபத்தை விடு என்கிறாய். விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று பார்க்கிறேன். அவர்மேல் கோபம் இருக்கும்வரை என்மேல் கோபம் வராது. அதுதான் உண்மை.

நேற்று அவருடைய உறவுக்காரப் பெடியன் ஒருவன் வந்தான். அவர் தங்கிய குடிசை வாடியில் கிடந்த பெட்டியையும் உடுப்பையும் எடுத்துக்கொண்டு போக வந்தவன். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். ஒரு பழைய நோட்டில் மாடுகளின் பெயர், கன்று போட்ட திகதி, ஊசி போட்ட திகதி எல்லாம் எழுதி வைத்திருந்தார். எனக்குத் தெரியாமல் வேலிக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். பெற்றரி தண்ணீர் பார்த்தது, கம்பியில் கொடி படர்ந்ததை வெட்டியது. ஒக்டோபர் மாதத்தில் ஒரு வரி: ‘மாரிக்குக் கம்பி கழட்ட வேணும். தம்பியிடம் சொல்ல வேணும்.’ அவர் சொன்னார் நஸ்லின். நான்தான், இப்போது கழற்றினால் வட்டவிதானை சண்டைக்கு வருவார், மழை பிடிக்கட்டும் பார்ப்போம் என்றேன்.

இப்படிப்பட்ட மனிதர் ஏன் எனக்கு அழைக்கவில்லை? அந்தப் பெடியனிடமும் கேட்டேன். “மாமாட போன் வெள்ளத்திலயும் நனையல்ல, நல்லாத்தான் இருக்கு” என்றான். போன் நன்றாக இருந்திருக்கிறது. மேடு இருந்தது. எனக்கு விளங்கவில்லை. பதினொரு மணிக்கு நான் வந்திருந்தால் தண்ணீர் முழங்காலளவுதான். நீயாகப் பார்த்து, “மழ பெரிசாப் பெய்யிது, ஒருக்காப் போய்ப் பாருங்களன்” என்று சொல்லித்தான் இரண்டேகாலுக்கு வெளிக்கிட்டேன். அதற்குள் ரோட்டை வெள்ளம் மூடிவிட்டது. டிரக்டரில் ஏறி, பிறகு நீந்தி, நாலு மணிக்கு வந்தேன். உனக்கு இருந்த யோசனை அவருக்கு இல்லாமல் போயிற்றே என்றுதான் இருக்கிறது.

நிகாஹைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் காரியம் போகட்டும்.

ஹாதிக்


பாலமுனை,
12.01.2026

மச்சான்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஸஜாத் இரண்டு நாள் வாசலில் நின்று ஹோர்ன் அடித்துவிட்டு வெறுங்கையோடு போனான்.

கனகரெத்தினம் அண்ணன் போன் எடுத்தார்.

உங்கள் போன் குசினியில் சார்ஜில் கிடந்தது. பத்து நாற்பது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அரை மணித்தியாலம் இருக்கும். நீங்கள் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் வாப்பாவோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் பெயரைப் பார்த்து நான்தான் எடுத்தேன். மழைச் சத்தத்தில் அவர் கத்தினார். “தங்கச்சி, வான்கதவு திறக்கிறாங்களாம். தம்பிய உடன அனுப்பு. தனிய எனக்குச் சாய்க்க ஏலாது.” நான், “ஓம் அண்ணன், இப்ப அனுப்புறன்” என்றேன். இந்த நான்கு வார்த்தையும் அப்படியே என் வாயில் வந்தது.

பிறகு சபை வாசல்வரை வந்தேன். திரைச்சீலையைக் கையில் பிடித்தேன். மாப்பிள்ளையின் தாய் இன்ஷிராவின் கையைத் தன் மடியில் வைத்திருந்தார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். நான் சொன்னால் நீங்கள் எழும்பிப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். திகதி பேசி முடியட்டும், பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு வைத்தோம். சாப்பிட்டு முடியட்டும் என்று நினைத்தேன். அவர்கள் போகும்போது இரண்டு மணி. அதன் பிறகு, நானாகப் பார்த்துச் சொல்வதைப் போல் சொன்னேன்.

ஒரு மழைக்கு என்ன வந்துவிடும், மாடு தானாக மேட்டுக்கு ஏறும் என்றும் நினைத்தேன் மச்சான். கம்பியைத் தாண்டாது என்பது எனக்குத் தெரியாது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நினைத்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று இரவு நீங்கள் சேறும் தண்ணீருமாக வந்து, “கனகரெத்தினம் ஏன் எடுக்கல்ல” என்று கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவர் எப்படியும் உங்களிடம் சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை என்று தெரிந்தபோது, அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கு நிம்மதியாக இருந்தது. சிக்னல் இல்லை என்று அவர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அந்த வரியை வாசித்த நாளிலிருந்து நான் ஒழுங்காகத் தொழவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் படுத்திருந்தார். நீங்கள் அவரை ஏசினீர்கள். அந்த ஏச்சு என்னுடையது.

எனக்கு இருந்த யோசனை அவருக்கு இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு இதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உங்களுக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள். இன்ஷிராவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவும் என்று அவள் அறியக் கூடாது.

நஸ்லின்


ஆற்றோரக் காணி,
22.01.2026

உன் கடிதம் கிடைத்தது.

பத்து நாளாக எழுதாமல் இருந்தது உன்னைத் தண்டிக்க இல்லை. எழுத உட்கார்ந்தால், வார்ட்டில் அவர் திரும்பிப் படுத்த முதுகு வருகிறது.

முந்தாநாள் முப்பத்தோராம் நாள். காரைதீவுக்குப் போனேன். அண்ணனின் மனைவி யோகம்மா அக்கா எனக்குச் சோறு போட்டுத் தந்தார். நான் அண்ணனை ஏசியது அவருக்குத் தெரியும், பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது மாட்டையும் எடுங்கள் என்றேன். “அத்தினயையும் வெச்சி நான் என்ன செய்ய. அவர் கையால கயிறு போட்டு இழுத்த ரெண்டையும் தாங்க, போதும்” என்றார். வெள்ளைப் பசுவையும் கன்றையும் அக்காவின் தம்பியுடைய மாட்டுப் பட்டிக்குக் கொண்டுபோக ஆள் வருகிறது.

உன்னைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது அல்ல.

ஹாதிக்


பாலமுனை,
27.01.2026

மச்சான்,

நேற்று நானே காரைதீவுக்குப் போனேன். ஓட்டோவில், தனியாக. இன்ஷிராவிடம் கல்முனைக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொன்னேன்.

யோகம்மா அக்கா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாய் எடுக்க உள்ளே போனார். பாய் வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவர் ஏசவில்லை. கொஞ்ச நேரம் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அண்டைக்கு எனக்கும் எடுத்தவர். ‘தம்பி வாறாராம், தங்கச்சி சொல்லிட்டா, நான் ரோட்டடியில நிக்கன்’ எண்டார். மறுகா ஒரு மணித்தியாலம் கழிச்சி எடுத்து, ‘தம்பியக் காணல்ல, இனி நிண்டு சரிவராது, நான் இறங்கப் போறன்’ எண்டார். வேற ஆரையும் கூட்டிக்கு இறங்குங்க எண்டன். ‘இனி ஆரத் தேட’ எண்டார்.”

மச்சான், நான் அழைப்பை எடுக்காமல் இருந்திருந்தால் அவர் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார். வர மாட்டார் என்று சொல்லியிருந்தாலும் கூப்பிட்டிருப்பார். அக்கா சொன்னார், பக்கத்து வாடியில் இரண்டு பேர் அப்போது இருந்திருக்கிறார்கள், பதினொன்றரைக்குத்தான் அவர்கள் போயிருக்கிறார்கள். நான் ஓம் என்றதால் அவர் ரோட்டடியில் மழைக்குள் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாமல் விட்டது ஒன்று என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சொன்னதுதான் பெரிது.

“அவர் என்னத் திட்டினாரா அக்கா?” என்று கேட்டேன். “இல்ல. தம்பிக்கு வர ஏலாமப் போயிருக்கும் எண்டுதான் நினைச்சிருந்தார். ஆஸ்பத்திரியில தம்பி வந்து கேட்ட பிறகுதான் நீ சொல்லல்ல எண்டு விளங்கியிருக்கும். என்னட்டயும் சொல்லல்ல. ‘பொண்ணுட கலியாணம் நல்லா நடக்கட்டும்’ எண்டு மட்டும் ஒருக்காச் சொன்னார். ஏன் அதச் சொன்னார் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது” என்றார்.

அதற்குப் பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன். ஆனால் அவர் என் கையைப் பிடிக்கவில்லை. நான் பிடிக்கப் போனபோது நெல் அள்ளுகிற சுளகைக் கையில் எடுத்துக்கொண்டார். “நீ போயிட்டு வா. இன்னொரு நாள் கதைப்பம்” என்றார். கேட் வரை வரவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். கிடைக்கவில்லை. அது சரிதான்.

நிகாஹுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வருவீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. பிள்ளை கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நஸ்லின்


ஆற்றோரக் காணி,
02.02.2026

நஸ்லின்,

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வருகிறேன். என் பிள்ளையின் கையை நான்தான் கொடுப்பேன். மாப்பிள்ளையின் வாப்பாவிடம் எனக்குக் காய்ச்சல் இருந்தது என்று சொல்லிவிடு. பொய்யும் இல்லை.

உன்னை நான் மன்னிக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை. நல்லது. ஆனால் நீ முழுவதையும் உன் தலையில் எடுத்துவிட்டாய். அதனால் எனக்கு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது.

அன்று காலை சுபஹுக்குப் பள்ளிக்குப் போனபோதே, ஆற்றோரம் மாடு கட்டியிருப்பவர்கள் கவனமாக இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் கேட்டேன். சபையில் உட்கார்ந்திருந்தபோதும் ஓட்டில் மழை விழுகிற சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. போனைக் குசினியில் சார்ஜுக்குப் போட்டது நான். பெற்றரி பாதிக்கு மேல் இருந்தது. அது மணி அடித்தால் எழும்ப வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். மருதமுனைக்காரர் முன்னால் பட்ட அவமானத்தை நான் மறந்தேன் என்று நினைத்தாயா? இந்த முறை எல்லோரும் எழும்பும்வரை எழும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வெள்ளைச் சேட்டைப் போட்டேன்.

நீ திரைச்சீலையை விலக்கிச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன் என்று நீ நம்புகிறாய். இத்தனை நாளும் அதைத்தான் யோசித்தேன். போயிருப்பேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. “அவர் பார்த்துக்கொள்வார், பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறவர்தானே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கவும் கூடும். அதனால்தான் அவர் எனக்கு அழைக்கவில்லை என்பதை நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அவரை ஏசிய வாய் என்னுடையது. அதை உன் ஏச்சு என்று எழுதியிருக்கிறாய். இல்லை. அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

மிச்சமிருந்த ஏழு மாட்டையும் நேற்று சம்மாந்துறைக்காரர் ஒருவரின் பட்டிக்குக் கொடுத்துவிட்டேன். வேலி போட்டால் இந்தத் தாழ்வில் மாடு நிற்கக் கூடாது. வேலி இல்லாவிட்டால் வயல் வட்டைக்காரர் விடமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை. கம்பியை எல்லாம் சுருட்டிக் கட்டினேன். லொறியில் ஏற்றும்போது ஏழும் ஒரு சத்தமும் போடவில்லை. லொறி போன பிறகு இந்த இடத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வாடியைக் கூட்டினேன், பிறகு இன்னொரு முறை கூட்டினேன்.

யோகம்மா அக்காவிடம் நீ மறுபடியும் போ. இன்னொரு நாள் என்றால் வரச் சொன்னதாகத்தான் அர்த்தம். கதைக்காவிட்டாலும் போ. நானும் போவேன். இரண்டு பேரும் சேர்ந்து போக முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கலியாணம் முடிந்தால் வீடு இன்ஷிராவுக்கு. நம் ஊர் வழக்கம் அது. நாம் எங்கே இருப்பது, ஒன்றாக இருப்பதா என்றும் நாம் இன்னும் கதைக்கவில்லை. அதைக் கடிதத்தில் எழுத வராது. நிகாஹ் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு குசினியில் உட்கார்ந்து கதைப்போம். அதுவரை பிள்ளைக்கு முன்னால் முகத்தை நன்றாக வைத்திரு. நானும் வைத்திருக்கிறேன்.

ஸஜாத் இனி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். எடுக்கப் பால் இல்லை.

ஹாதிக்